லோடு நம்பர்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். உப்பளத்துக் குத்தகை என் பேரில் இருக்கிறது.

என் தம்பி. பாதிப் பங்கு அவனுக்கு. அடுக்கிய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான்.

மூட்டை தைக்கிறவள். கோணி ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

திண்டிவனத்து ஊறுகாய்க் கம்பெனிக்காரர். எங்கள் உப்பில் பாதி அவருக்குத்தான் போகும். இருந்த ஒரே நாற்காலியில் அவர்.

அவருடைய டிரைவர். வாசலோடு நின்றுகொண்டான்.

பாத்தியில் உப்பு வாருகிற புருஷனும் பெண்டாட்டியும். வேலையை விட்டுவிட்டு வரப்பில் நின்று கேட்டார்கள்.

வேறு யாரும் இல்லை. போன் ஆணியில் தொங்கியது, பிளாஸ்டிக் பைக்குள்.

"நம்பர யாரு சொன்னது?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் தைக்கிறவள்.

"யாருகிட்ட சொன்ன?"

"கேட்டவருகிட்ட."

"கேட்டவரு யாரு?"

"தெரியலீங்க. கேட்டாரு, சொன்னேன்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "யாருன்னு தெரியாதாம். கேட்டானாம், சொன்னாளாம். நல்லா இருக்குதுங்களா கத?"

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய பணம் போயிருந்தது. இரண்டு லோடுக்கான முன்பணம், எங்களுக்கு என்று நினைத்து எவனுக்கோ போட்டுவிட்டார்.

"இவள அனுப்பிடும்மா. இல்லாட்டி நான் பக்கத்து அளத்துல ஏத்திக்கறேன்" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தாள்.

அவளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முன்பு அவளும் பாத்தியில் இறங்கி வாரினவள்தான். சர்க்கரை வந்து காலில் புண் ஆனது. உப்புத் தண்ணீரில் அந்தக் கால் இறங்கினால் புண் எலும்புக்குப் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் தையல் கொடுத்தேன். உப்பளத்தில் காலை நனைக்காத வேலை அது ஒன்றுதான். மற்ற அளங்களில் அதை வீட்டு ஆட்களே செய்துகொள்வார்கள். இங்கிருந்து அனுப்பினால் அவளுக்கு இந்தக் கரையில் வேலை கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

கை காய்ந்திருப்பதால்தான் போனும் அவளிடம் வந்தது. எங்கள் கை போனுக்கு ஆகாது. உப்பு பட்ட விரலால் தேய்த்தால் கண்ணாடி நகராது. ரேகை வைத்துத் திறக்கிற போனுக்கு எங்கள் விரலில் ரேகையே இல்லை, உப்பு தின்றுவிட்டது. ரேஷன் கடை மெஷினிலும் இதே கதைதான். கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறேன். இந்தப் போனுக்கு சிம் வாங்கப் போனபோதும் கடைக்காரர் என் பத்து விரலையும் மெஷினில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. தம்பி பாத்தியில் இறங்குவதில்லை. அவன் விரல் ஏறியது. சிம் அவன் பேரில் வாங்கினோம்.

போனுக்குப் பூட்டு வேண்டாம் என்று நான்தான் கடையில் சொன்னேன். யார் கையிலும் திறக்க வேண்டும். மணி அடித்தால் உடனே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் லோடு போய்விடும்.

லோடு நம்பர் என்று ஒன்று எங்களிடம் உண்டு. வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. இங்கே எல்லார் உப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். குவியலைப் பார்த்து இது யாருடையது என்று டிரைவரால் சொல்ல முடியாது. முன்பு ஒரு லாரி எங்கள் குவியலில் ஏற்ற வேண்டியதைப் பக்கத்துக் குவியலில் ஏற்றிக்கொண்டு போய், அடிதடி வரைக்கும் போனது. அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. வாங்குகிறவர் எங்கள் போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவார். நாலு எண். அதையே டிரைவருக்கும் கொடுத்திருப்பார். இசிஆர் ரோட்டிலிருந்து உப்பு ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் லாரி நிற்கும். டிரைவர் போன் செய்வான். "நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்பான். நாங்கள் சொல்வோம். அவனிடம் இருப்பதோடு ஒத்துப்போனால் எங்கள் குவியலுக்கு வருவான்.

டிரைவர் தினமும் மாறுவான். போன் மாறும். பேர் கேட்க முடியாது. கேட்டுக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான், இவனுக்குக் கோபம் வரும். அதனால் கேட்டால் சொல்லிவிடுவது. யார், எவர், எந்த ஊர் எதுவும் இல்லை. வருஷக்கணக்காக அப்படித்தான். இந்தக் கரையில் எல்லா அளத்திலும் அப்படித்தான்.

அந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. நான் பாத்தியில் நின்றேன். அவள் எடுத்துப் பேசியது எனக்குக் கேட்டது.

"ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா" என்றிருக்கிறான்.

வெயிலில் எங்களுக்குப் போன் கண்ணாடி தெரியாது. மேலே சூரியன், கீழே உப்பு, இரண்டும் கண்ணை அடிக்கும். காலிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதற்குள் போனை வைத்துத்தான் படிக்க வேண்டும். அவள் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சாக்குக்குள்ளிருந்து கேட்டாள், "இன்னாங்க, ஆறு நம்பர் இருக்குது?"

"ஆமாம்மா, ஆறுதான்."

"பெரிய வண்டிங்களா? பத்து சக்கரமா?"

"ஆமா ஆமா, பெருசுதான். சொல்லு."

சொன்னாள். சாக்கை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, பத்து சக்கர வண்டி வருது. தூக்குறதுக்கு இன்னும் ரெண்டு பேர வரச் சொல்லட்டா?"

வரச் சொல் என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வரவில்லை. அவர்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன்.

வாட்ஸப் வேலை செய்யவில்லை என்று அவள் சொன்னாள். எங்கள் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காது. காற்று திரும்பினால் வரும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் எக்கியார்குப்பத்துக் கருவாட்டுக்காரி ஒருத்தி போன் செய்தாள். கருவாட்டுக்கு எங்களிடம் உப்பு வாங்குகிறவள். என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"ஏக்கா, எப்பக்கா எழுதக் கத்துக்கின?"

"இன்னாடி சொல்ற?"

"நீட்டா எழுதி அனுப்பியிருக்கிற. பழைய கணக்குல கோளாறு, இந்தக் கணக்குல பணம் போடுன்னு. இங்கிலீசு எழுத்துல வேற. ஒனக்குப் பேரு எழுதவே ஒரு நாள் ஆவுமே, யாரு கையப் புடிச்சி எழுத வெச்சதுன்னு கேக்கறேன்."

அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் யாருக்கும் எழுதி அனுப்பியதில்லை. உப்பைப் போட்டோ எடுத்துப் போடுவோம். பேச வேண்டியதைப் பேசிப் போடுவோம். அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு குரூப்பில் இருந்தார்கள். அவள் சொன்ன ஆறு எண் வாட்ஸப்பைத் திறக்கிற நம்பர். அந்தக் குரூப் இப்போது எவன் கையிலோ இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருந்தான். கருவாட்டுக்காரி பணம் போடவில்லை, அவளிடம் இல்லை. ஊறுகாய்க் கம்பெனிக்காரர் போட்டுவிட்டார். இன்னும் இரண்டு பேர் கொஞ்சம் போட்டிருந்தார்கள்.

இதற்குத்தான் கம்பெனிக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவளை அனுப்பு என்று அவர் சொன்னதும் வெளியே குவியலைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"நஷ்டத்துல பாதி எங்களுது. ஒரு லோடு சும்மா ஏத்தி விடறேன். அவ இருப்பா."

"ஏன், ஒனக்கு ஒறவா?"

"இல்லீங்க."

"அப்புறம் இன்னா?"

"நம்பர் கேட்டா சொல்லுன்னுதான் சொல்லி வெச்சிருக்கறோம். சொன்னா. அவ வேலய அவ செஞ்சா."

தம்பி எழுந்து நின்றான். "பாதின்னு யாரக் கேட்டுக்கா சொல்ற? அதுல பாதி என்னுது."

"ஒன்னக் கேக்கல" என்றேன். அவர் இருக்கும்போது அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று வரப்பில் நின்றவள் பிறகு சொன்னாள்.

கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்டார். சும்மா வருகிற லோடை யார் விடுவார்கள். எழுந்து போகும்போது தைக்கிறவள் பக்கத்தில் நின்றார். விரலை நீட்டிச் சொன்னார்.

"இனிமே என் லோடு நம்பர எவனுக்கும் சொல்லாத. நானே கேட்டாலும் சொல்லாத. புரியுதா?"

"புரியுதுங்க."

மறுநாள் நானும் அவளும் விழுப்புரம் போனோம், போலீசில் சைபர் பிரிவு இருக்கிற இடத்துக்கு. தம்பி வரவில்லை. திண்டிவனத்தில் பஸ் மாறினோம். அவள் காலைத் தூக்கி எதிர் சீட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் திட்டினார். புண்ணில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

அங்கே ஒரு பெண் போலீஸ் எழுதிக்கொண்டாள். பணம் வடக்கே ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து பல கணக்குக்குப் பிரிந்துவிட்டது என்றாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றாள். எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது என்றேன்.

"ஓடிபி யாரு சொன்னது?"

"நான்" என்றேன்.

தைக்கிறவள் வாய் திறந்தாள். அவள் காலை மிதித்தேன், நல்ல காலை.

"படிச்சிருக்கீங்களா?"

"மூணாவது."

"போன்ல யாரு கேட்டாலும் நம்பர் சொல்லக் கூடாதும்மா. பேங்க்னு சொன்னாலும், போலீஸ்னு சொன்னாலும்."

"எங்க யாபாரமே நம்பர் சொல்றதுதாங்க. சொல்லாட்டி லாரி வராது."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு உப்பளம் தெரியாது. "பாத்து இருங்க" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸிலும் தைக்கிறவள் காலைத் தூக்கி எதிர் சீட்டில் வைத்துக்கொண்டாள். பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில் கேட்டாள்.

"ஏன்க்கா நீ சொன்னன்னு சொன்ன?"

"எழுதுறாங்கல்ல. ஒன் பேரு எதுக்கு."

"அப்ப இனிமே நான் போன எடுக்க வேணாமா?"

"எடு."

"நம்பர் கேட்டா?"

நான் யோசித்தேன். மரக்காணம் வரும் வரைக்கும் யோசித்தேன். இறங்கும்போது சொன்னேன்.

"நம்ம சொல்ல வேணாம். அவன் சொல்லட்டும். நம்ம கிட்ட இருக்கறத பாத்துட்டு ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நம்பர் நம்ம வாயில இருந்து வெளிய போவக் கூடாது."

"திருடன் எப்படிச் சொல்லுவான். அவன்கிட்ட இருக்காதே."

"அதுதான்."

கடைவீதியில் போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாட்ஸப்பைத் திரும்ப எங்கள் போனில் போட்டார். அவனை வெளியே தள்ளியாகிவிட்டது. ஆனால் அவன் உள்ளே ஒரு பூட்டு போட்டு வைத்திருந்தான். நாங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்று போன் சொன்னது. என் வீட்டுக்குள் போக எனக்கு ஏழு நாள். அந்த ஏழு நாளும் ஒவ்வொருவராகப் போன் செய்து வாயால் சொன்னோம். கணக்கு மாறவில்லை, நாங்கள் எழுதி அனுப்ப மாட்டோம், எழுதி வந்தால் நாங்கள் இல்லை. சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், இது யார் பேசுவது, இதுவும் ஏமாற்று வேலையா என்று வைத்துவிட்டார்கள்.

ஏழு நாள் கழித்துப் பூட்டு போடச் சொன்னேன். போன் திறக்க ஒரு நம்பர். வாட்ஸப்புக்குத் தனியாக ஒரு நம்பர். கடைக்காரர் போட்டார்.

"மறந்துட்டா திரும்ப எடுக்க மெயில் ஐடி வேணும். இருக்குதாம்மா?"

"இல்ல."

"பரவால்ல, என்னுத போட்டுடறேன்."

"வேணாம்."

"எல்லாருக்கும் என்னுததான் போட்டுத் தர்றேன்."

"எங்களுக்கு வேணாம்."

"என்ன நம்பலியாம்மா?"

"இல்ல" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பழகின ஆள்தான். அதற்கு முன் நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நிறைய பேரைச் சொல்ல வேண்டி வந்தது.

புது முறைக்கு டிரைவர்கள் பழகவில்லை. "நீ சொல்லு" என்பான். "நீங்க சொல்லுங்க" என்பாள். "ஏம்மா, நான் இன்னா பரீட்சையா எழுதறேன்?" என்பான் ஒருவன். "ஒன் உப்பு மட்டும் தங்கத்துல செஞ்சதா?" என்பான் இன்னொருவன். சிலபேர் நம்பரைத் தேடி எடுத்துச் சொல்வார்கள். சிலபேருக்கு நம்பர் இருக்கிற பேப்பர் வண்டியில் எங்கேயோ கிடக்கும். அதைத் தேட நேரமில்லாமல் பக்கத்து அளத்தில் ஏற்றிக்கொண்டு, வாங்குகிறவரிடம் ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் கேட்டவுடன் சொன்னார்கள். அங்கே எதுவும் ஆகவில்லை.

சித்திரையில் வியாபாரம் கொஞ்சம் போனது. வைகாசியில் கொஞ்சம். ஆனாலும் கம்பெனிக்காரர் விடாமல் ஏற்றினார். அதில் ஓடியது. தம்பி ஒவ்வொரு வாரமும் வந்து குவியலைப் பார்ப்பான், பிறகு அவளைப் பார்ப்பான். என்னிடம் பேச்சு குறைந்தது. "ஒரு தையக்காரிக்காக யாபாரத்த மூடுற" என்றான் ஒரு நாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னான். அவள் தைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆவணியில் ஒரு நாள் போன் அடித்தது. தெரியாத நம்பர். நான் கொட்டகையில் இருந்தேன், கை முழுக்க உப்பு. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான்மா, ஊறுகாக் கம்பெனி. ஒரு கல்யாணத்துல மாட்டிக்கிட்டேன். என் போன் வீட்டுல கெடக்குது, இது வேற ஆளு போனு. வண்டி ஒங்க ரோட்டு முனையில நிக்குதாம். புது டிரைவர். அவனுக்கு நம்பர் அனுப்ப மறந்துட்டேன். ஒனக்கு வந்திருக்கும் பாரு. சொல்லு, அவன்கிட்ட சொல்லிடறேன்."

நம்பர் வந்திருந்தது. காலையிலேயே வந்திருந்தது. பின்னால் நாதஸ்வரம் கேட்டது. குரலும் அவருடையதுதான்.

அவள் சொன்னாள், "நீங்க சொல்லுங்க. நான் ஆமாவா இல்லயான்னு சொல்றேன்."

"என் போன்லதான் இருக்குது அது. ஞாபகம் இல்ல."

"அப்ப முடியாதுங்களே."

"என் கொரல் தெரியலயா ஒனக்கு?"

"தெரியுதுங்க."

"அப்புறம்?"

"இப்பல்லாம் கொரலக்கூட செய்யறாங்களாம். டிவில சொன்னாங்க."

"வெளயாடுறியா? பக்கத்துல அந்தம்மா இருக்குதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டியிருந்தால் சொல்லியிருப்பாள். அது அவர்தான் என்று எனக்குத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தெரியும். மீதிப் பங்குக்காகத்தானே இத்தனை நாள் டிரைவர்களைத் திருப்பி அனுப்பினோம். இன்றைக்கு இவருக்குச் சொன்னால் நாளைக்கு இவர் மாதிரி பேசுகிறவனுக்கும் சொல்ல வேண்டும். நான் ஆட்டவில்லை.

"நீங்கதாங்க சொன்னீங்க" என்றாள் அவள். "நானே கேட்டாலும் சொல்லாதன்னு."

போனில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கொட்டகையில் இருந்து பார்த்தால் ரோடு தெரியும். லாரி கிளம்பி வந்தது. எங்கள் திருப்பத்தில் மெதுவாகக் கூட ஆகவில்லை. பக்கத்து அளத்துக்குள் போனது. அதற்குப் பிறகு அவர் லாரிகள் எல்லாம் அங்கேதான் போகின்றன.

அவள் ஊசியில் சணல் கோக்கப் பார்த்தாள். கோக்க வரவில்லை. நான் கையைக் கழுவிவிட்டு வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

சாயங்காலமே தம்பி வந்தான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. வந்தவன் உட்காரவில்லை.

"சொல்லி ஒரு தடவ கெடுத்தா. சொல்லாம ஒரு தடவ கெடுத்துட்டா. இன்னும் இன்னாக்கா வேணும் ஒனக்கு?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"அவரு கொரல் ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

அவள் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டிச் சொன்னான்.

"இவ நாளைக்கு வரக் கூடாது. வந்தா என் பங்க பிரிச்சிக் குடுத்துடு."

அவள் மடிக்கிறதை நிறுத்தினாள். "நான் போயிடறேங்க. எனக்காக அக்காவும் தம்பியும்…"

"நீ சும்மா இரு" என்றேன். தம்பியிடம் சொன்னேன், "பிரிச்சிக்கோ."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. நான் அவனை வளர்த்தவள். அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அவனே மறுநாள் கயிறு கட்டிக் குவியலைப் பாதியாகப் பிரித்தான். நியாயமாகத்தான் பிரித்தான். பாத்தியிலும் பாதி. பிறகு ஆணியில் இருந்த போனை எடுத்தான்.

"சிம்மு என் பேர்ல இருக்குது" என்றான்.

"ஆமா."

"உள்ள போவ நம்பர் இன்னா?"

சொன்னேன். போனில் இல்லை, நேரில். அவன் பங்குக்காரன்.

சிம் அவனிடம் போனால் வாங்குகிறவர்களும் அவனிடம் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அத்தனை வருஷம் எல்லாரிடமும் இருந்தது அந்த நம்பர்தான். சாக்கில் அச்சடித்ததும் அந்த நம்பர்தான். போன் செய்தால் தம்பி எடுக்கிறான். அக்காவோட உப்பு இல்லியா என்று ஒருவர் கேட்டாராம். எல்லாம் ஒன்னுதான் என்றானாம். அது பொய்யில்லை. உப்பு ஒன்றுதான்.

அவன் பூட்டை எடுத்துவிட்டான். டிரைவர் கேட்டால் சொல்கிறான். பழையபடி. ஒன்றும் ஆகவில்லை அவனுக்கு. ஆகக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். என் தம்பி. ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு லாரி வந்து நிற்கும்போதும் வயிறு எரியாமல் இல்லை.

எனக்குப் புது சிம் வாங்கப் போனோம். என் விரல் ஏறவில்லை. தைக்கிறவள் விரலை வைத்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். ஏறியது. வியாபார நம்பர் இப்போது அவள் பேரில். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இவங்கள நம்புறீங்களா?" என்றார். மெயில் விஷயத்தை மனதில் வைத்திருந்தார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாக்குகளில் தம்பி நம்பர் இருந்தது. வேறு சாக்கு வாங்கக் காசு இல்லை. அவள் ஒவ்வொரு சாக்காகப் புரட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி தைத்தாள். அச்சு உள்ளே போய்விட்டது. வெளியே ஒன்றும் இல்லாத வெறும் சாக்கு. அதைப் பார்த்து இது யார் உப்பு என்று ஒருவரும் கேட்க முடியாது, ஒருவரும் கூப்பிடவும் முடியாது.

புது நம்பரை நான் ஆள் ஆளாகப் போய் நேரில் கொடுத்தேன். எக்கியார்குப்பம் போனேன். பிரம்மதேசத்தில் மாட்டுக்கு உப்பு விற்கிற ஒரு கடைக்குப் போனேன். ஐஸ் கம்பெனிக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். கருவாட்டுக்காரி மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவள் வாங்குவது மூட்டைக் கணக்கு. லோடு கணக்கு இல்லை.

"ஒன் தம்பி போன் பண்ணான்க்கா. வெல கொறச்சித் தர்றானாம்" என்றாள்.

"வாங்கிக்கோ."

"வாங்கல. வாங்கினா சொல்லாம வாங்குவேன், ஒனக்குத் தெரியாது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வாங்கினாளா என்று இன்றைக்கும் தெரியாது.

புரட்டாசி வரை போன் அவ்வப்போது அடித்தது. கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். பார்சல் மாட்டிக்கொண்டது என்றார்கள். ஒருவன் போலீஸ் என்றான். அவள் எல்லாரையும், "நீங்க சொல்லுங்க, நான் ஆமாவா இல்லயான்னு சொல்றேன்" என்றாள். எங்களை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. வாங்கவும் ஆள் இல்லை.

ஐப்பசி பிறந்து மேகம் கடல் பக்கத்தில் கட்டியது. மழைக்கு முன் மிச்சக் குவியலை ஓலை போட்டு மூட வேண்டும். வாருகிற புருஷனும் பெண்டாட்டியும் தம்பி பக்கம் போய்விட்டார்கள், அங்கேதான் வேலை இருந்தது. நானும் தைக்கிறவளும் மூடினோம். அவள் கீழே நின்று ஓலையை எடுத்துக் கொடுத்தாள். காலில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள். நான் மேலே நின்று போட்டேன். குவியல் என்னைவிட உயரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தம்பி இடத்தில் மூட ஒன்றும் இல்லை. தரை தெரிந்தது.

கயிறு கட்டின நாளிலிருந்து எத்தனை போனது என்று அவளைக் கேட்டேன். கணக்கு அவளிடம்தான்.

"லோடாக்கா?"

"லோடுதான்."

ஓலையைக் கீழே வைத்தாள். விரல் விட்டு எண்ணவில்லை. யோசிக்கவும் இல்லை.

"ரெண்டு."